முதல் தண்ணீர்

பாட்டில்களில் எண் மட்டும்தான் இருக்கும். எந்த வீட்டுத் தண்ணீர் என்று ஆய்வகத்தில் யாருக்கும் தெரியக்கூடாது.

அந்த ஒரு பாட்டில் மட்டும் பிளாஸ்டிக் பைக்குள் வந்திருந்தது. பையின் வாயில் இரண்டு ரப்பர் பேண்டுகள். அதற்கு மேல் நூல் சுற்றி இரட்டை முடிச்சு. சின்னவள் அதைக் கையில் எடுத்தவுடன் கீழே வைத்துவிட்டாள்.

“சார், இது எங்க அக்கா வீடு. நான் தொடக் கூடாது.”

“பேரு இல்லையே. எப்படித் தெரியும்?”

“முடிச்சப் பாருங்க. ஸ்கூலுக்கு என் சாப்பாட்டு டப்பாவ இப்படித்தான் கட்டிக் குடுப்பா. பல்லால கடிச்சாதான் அவிழும்.”

ஆய்வகத் தலைவர் சிரிக்கவில்லை. அவர் எதற்கும் சிரிப்பதில்லை. கோபப்படுவதும் இல்லை. pH அளவுகோலின் நடுப்புள்ளி மாதிரி, அமிலமும் இல்லாமல் காரமும் இல்லாமல் இருப்பதால் அங்கே அவருக்கு ஏழு என்று பெயர். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். அதற்கும் அவர் எதுவும் சொன்னதில்லை.

“நான் பாத்துக்கறேன்,” என்றார். முடிச்சை அவிழ்க்க அவருக்குக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது.

நகரத்தின் பழைய வீடுகளில் ஈயம் இருக்கிறதா என்று அந்த மாதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈயம் ஆற்றிலிருந்து வருவதில்லை. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்தும் வருவதில்லை. கடைசியில், வீட்டுக்குப் பக்கத்திலோ வீட்டுக்குள்ளோ, ஏதோ ஒரு பைப்பிலிருந்தோ குழாயிலிருந்தோ வருகிறது. இரவெல்லாம் அசையாமல் நிற்கும் தண்ணீர் உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. அதனால் காலையில் வேறு யாரும் கை வைப்பதற்கு முன், திறந்தவுடன் விழும் முதல் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு எல்லா வீட்டுக்கும் ஆள் அனுப்ப முடியாது. பாட்டிலை முந்தின நாளே கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்காரர்களே பிடித்துக் கொடுப்பார்கள்.

பெரியவள் வீடு குலுக்கலில் வந்த வீடு. வீட்டின் முன்னறையில் அவள் குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். ஆறு குழந்தைகள். மூத்தவன் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். இளையவளுக்கு இன்னும் நடக்க வரவில்லை.

முடிவு மறுநாள் வந்தது. கருவி கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்கும் கீழே.

“பாஸ்,” என்றார் ஏழு. அவரிடமிருந்து வரக்கூடிய அதிகபட்ச வாழ்த்து அது.

அன்று வேலை முடிந்ததும் சின்னவள் நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். கடிதம் போவதற்கு முன் முடிவைச் சொல்லக்கூடாது. கெட்ட செய்தியைத்தானே சொல்லக்கூடாது என்று தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கொண்டாள்.

குழந்தைகள் எல்லோரும் போயிருந்தார்கள். முன்னறையில் ஆறு சிறிய பாய்கள் சுருட்டி நிறுத்தப்பட்டிருந்தன. அத்தான் தரையில் உட்கார்ந்து ஒரு மரக் காருக்குச் சக்கரம் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க விஞ்ஞானி,” என்றார்.

பெரியவள் சமையலறையில் பால் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, “டீ அடுப்புல இருக்கு. ஊத்திக்கோ,” என்றாள்.

“பாஸாயிட்ட.”

“பின்ன? ஃபெயிலாவேன்னு நெனச்சியா? படிப்புக்கு நீ. வீட்டுக்கு நான்.”

“அந்தப் பெருமைல எனக்கும் பங்கு வேணும்,” என்று முன்னறையிலிருந்து அத்தான் சொன்னார். “குழாய் யார் வாங்கினது?”

சமையலறைக் குழாயை அவர்தான் வாங்கினார். ஒரு பழைய விடுதியை இடித்தபோது வெளியே போட்டிருந்தார்கள். தடித்த பித்தளை. வாத்துக் கழுத்து மாதிரி வளைந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். இப்ப வர்றதெல்லாம் காத்து மாதிரி, இதக் கைல தூக்கிப் பாத்துத்தான் வாங்கினேன், என்ன கனம் தெரியுமா என்பார்.

“அரசாங்கமே சர்டிபிகேட் குடுத்துடுச்சு உங்க குழாய்க்கு. போதுமா?” என்றாள் பெரியவள். பிறகு தங்கையிடம், “அந்த பாட்டில ஏண்டி அப்படி அனுப்பறீங்க? மூக்கு கிட்டக் கொண்டு போனா என்னமோ மருந்து வாடை. நான் மூணு தடவ அலசி, வெந்நீர் ஊத்திக் காய வெச்சேன்.”

சின்னவள் டீயைக் கீழே வைத்தாள்.

“அலசினியா?”

“அலசாம? யார் யார் கை பட்டுச்சோ.”

“சரி. தண்ணி எப்ப புடிச்ச?”

“நீ சொன்ன மாதிரிதான். காலைல எழுந்த உடனே.”

“முதல் தண்ணியா?”

“முதல்ல கொஞ்ச நேரம் ஓட விட்டேன். சில்லுனு நல்லா வந்ததுக்கப்புறம் புடிச்சேன்.”

“பாட்டில் மேல எழுதியிருந்ததே, ஓட விடாதீங்கன்னு.”

“படிச்சேன். தப்பா அடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன். ராத்திரி பூரா பைப்புல கெடந்த தண்ணியவா வெளி மனுஷங்களுக்குக் குடுப்பாங்க? அதுவும் நீ வேலை பாக்கற எடம். இதுதான் உங்க அக்கா வீட்டு லட்சணமான்னு நாளைக்கு எவனாவது உன்னக் கேட்டா?”

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். சின்னவளுக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

“மறுபடி எடுக்கணும்,” என்றாள்.

“எதுக்கு? பாஸாயிடுச்சுல்ல?”

“பாஸானது தெருத் தண்ணி. உன் வீட்டுத் தண்ணிய நாங்க இன்னும் பாக்கவே இல்ல.”

“குடிக்கறதக் கொதிக்க வெச்சுத்தான் குடிக்கறோம்.”

“கொதிச்சா கிருமி சாகும். ஈயம் சாகாது. தண்ணி வத்தினா அது இன்னும் கெட்டியாத்தான் ஆகும்.”

பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். அவள் சண்டைக்கு வரும்போது குரல் ஏறாது, இறங்கும்.

“இங்க பாரு. ஒரு அம்மா காதுல விழுந்தாப் போதும். அன்னிக்கு சாயந்தரமே ஆறு பாயும் காலி. நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லித்தான் இந்த ஆறு பேரும் வந்தாங்க. அதே வழியில திரும்பிப் போயிடுவாங்க. வலிய வந்த பாஸ எதுக்குக் கிளறுற? நீ எனக்குத் தங்கச்சியா, ஆபீசுக்குத் தங்கச்சியா?”

சின்னவள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் நுனியில் ஒரு சொட்டு நின்றது. விழவில்லை.

“காலைல முதல் தண்ணி எதுக்குப் போகுது?” என்று கேட்டாள்.

“என்னது?”

“தினமும். எழுந்து குழாயத் தொறந்தா முதல்ல எதுல புடிப்ப?”

“கெட்டில்ல.”

“கெட்டில்லேர்ந்து?”

பெரியவள் பால் பாட்டில்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“சேவலுக்கு,” என்றாள்.

சேவல் என்பது பெண் குழந்தை. ஆறு பேரில் இளையவள். அவளுடைய அம்மா பஸ் ஓட்டினாள். டிப்போவிலிருந்து கிளம்பும் முதல் வண்டி அவளுடையது. அந்த நேரத்துக்குக் குழந்தையை வாங்கிக்கொள்ள ஊரில் வேறு காப்பகம் இல்லை. பெரியவள் அந்த ஒரு குழந்தைக்காகவே விடிவதற்கு முன் கதவைத் திறந்தாள். குழந்தை வரும்போதே பசியில் கூவிக்கொண்டு வரும். அதனால்தான் அந்தப் பெயர். கெட்டில் வெந்நீரில் பால் பவுடர் கலக்கித் தயாராக இருந்தால்தான் வாயை மூடும். குழாயை ஓட விட்டு நிற்க அங்கே நேரமில்லை. கெட்டிலை நிரப்புவதும் கதவு தட்டப்படுவதும் பெரும்பாலும் ஒன்றாகவே நடக்கும்.

மற்ற ஐந்து பேரும் வருவதற்குள் பாத்திரம் கழுவி, தரை துடைத்து, வாளிகள் நிரம்பி, குழாயில் நின்றதெல்லாம் போய்விட்டிருக்கும்.

“தினமுமா?” என்றாள் சின்னவள்.

“லீவு நாள் தவிர.”

முன்னறையில் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றது.

பெரியவள் பால் பாட்டில்களை மறுபடி கழுவத் தொடங்கினாள். கழுவி வைத்தவற்றையே எடுத்துக் கழுவினாள். எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்த பிறகு கேட்டாள்.

“உன் பாட்டில் இன்னொண்ணு இருக்கா?”

சின்னவள் பையில் இருந்தது.

அன்று இரவு சின்னவள் அங்கேயே தங்கினாள். படுப்பதற்கு முன் குழாயை நன்றாக ஓட விட்டு, குடிக்கவும் மற்றதற்கும் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். பிறகு வீட்டிலிருந்த எல்லாக் குழாய்களின் மேலும் டேப் ஒட்டினாள்.

“ராத்திரி எனக்கு அவசரமா வந்தா?” என்று அத்தான் கேட்டார்.

“வாளி இருக்கு.”

“தாகமெடுத்தா?”

“குடத்துல இருக்கு.”

“என் வீட்டுல என் குழாயத் தொட எனக்கு அனுமதியில்ல. சரி, விஞ்ஞானம் வாழ்க.”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

காலையில் பெரியவள்தான் முதலில் எழுந்தாள். டேப்பைப் பிரித்தாள். பாட்டிலைத் திறந்தாள். அவள் கை தானாக அதைக் குலுக்கப் போயிற்று. நிறுத்திக்கொண்டாள். பாட்டிலைக் குழாயின் வாயில் வைத்துத் திருகினாள். தண்ணீர் தெளிவாக விழுந்தது. நிறமில்லை, வாடையில்லை. கழுத்து வரை நிரம்பியதும் மூடினாள். மூடியின் மேல் ஒன்றும் கட்டவில்லை.

குடத்துத் தண்ணீர் கெட்டிலில் கொதித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. டிரைவரம்மா சீருடையில் இருந்தாள். இடுப்பில் சேவல் கூவிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, வீடே முழிச்சிருக்கு?”

“தங்கச்சி வந்திருக்கா.”

“அதான் லைட்டெல்லாம் எரியுதா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்.” குழந்தையைக் கைமாற்றிவிட்டு, “ராத்திரி சரியாத் தூங்கல, ஈறு அரிக்குது போல. எதக் குடுத்தாலும் கடிக்கறா,” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள்.

பெரியவள் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சேவல் அவள் கழுத்தைக் கடித்தாள்.

“சொல்லியிருக்கலாம்,” என்றாள் சின்னவள்.

“என்னன்னு? இருந்தாலும் இருக்கும், இல்லாட்டியும் இல்லன்னா? பஸ் ஓட்டறவ. நாள் பூரா அத மனசுல வெச்சுக்கிட்டு ஓட்டச் சொல்றியா? பதிலக் கொண்டா. சொல்றேன்.”

ஆய்வகத்தில் ஏழு இரண்டாவது பாட்டிலைப் பார்த்தார்.

“அந்த வீட்டு முடிவு பதிவாயிடுச்சே.”

சின்னவள் நடந்ததைச் சொன்னாள். அலசியது, ஓட விட்டது, வெளி மனிதர்களுக்கு நல்ல தண்ணீர் கொடுக்க நினைத்தது, சேவல். எதையும் விடவில்லை. கடிதத்துக்கு முன் முடிவைச் சொன்னது தன் தப்பு என்பதையும் சொன்னாள். ஏழு எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு கேட்டார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு பாட்டிலில் அமிலத்தைச் சொட்டு சொட்டாக விட்டார்.

அவள் வேறு மேசையில் வேறு வேலை செய்தாள். குளோரின் பார்த்தாள். ஒரே எண்ணை இரண்டு முறை தப்பாக எழுதி அடித்தாள். கருவி இரைந்துகொண்டிருந்தது. ஏழு ஒரு முறை ஓட்டினார். வெறும் நீரை வைத்து ஓட்டினார். மறுபடி பாட்டில் நீரை ஓட்டினார். பிறகு அவளைக் கூப்பிட்டார்.

திரையில் நாற்பத்தொன்று என்று இருந்தது. பத்துக்கு மேல் போகக்கூடாது.

“முதல் பாட்டில் தப்பில்ல,” என்றார் ஏழு. “அது வேற கேள்விக்குப் பதில். ஓட விட்டா ஒண்ணுமில்ல. நின்னா நாப்பத்தொண்ணு. அப்ப தெருவுல இல்ல. பாட்டில் சின்னது. இவ்வளவு தண்ணி நிக்கற எடம் குழாயும் அதுக்குப் பின்னாடி ஒரு முழமும்தான். அங்க என்ன குழாய்?”

“பழைய பித்தளை.”

“கனமா?”

“ரொம்ப.”

ஏழு தலையசைத்தார். கையுறையைக் கழற்றி, விரல் விரலாக நேராக்கிக் குப்பையில் போட்டார்.

“கடிதம் போக ஒரு வாரமாகும்,” என்றார்.

“தெரியும் சார்.”

“அதுக்கு முன்னாடி நீங்க சொல்லக் கூடாது.”

“தெரியும்.”

“நான் சொல்லலாம். நம்பர் என்ன?”

அவள் சொன்னாள். அவர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி பேசினார். சுருக்கமாகப் பேசினார். எண்ணைச் சொன்னார். குழாயை மாற்றச் சொன்னார். மாற்றிய பிறகு மறுபடி பார்க்கலாம் என்றார். குழந்தையின் ரத்தத்தில் பார்க்கலாம், பார்ப்பது நல்லது, எந்த மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்றார். வெளியே ஒன்றும் தெரியாது, பேச்சிலும் படிப்பிலும் பின்னால் தெரியலாம், தெரியாமலே போகவும் கூடும் என்றார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “இல்லம்மா. நீங்க பாட்டில அலசினதுக்கு யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க,” என்றார்.

சாயங்காலம் சின்னவள் போனபோது குழாய் சுவரில் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு மூடி திருகியிருந்தது. அத்தான் பழைய துணி விரித்து அதன் மேல் குழாயை வைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விஞ்ஞானி என்று கூப்பிடவில்லை.

“இதுல எங்க இருக்கு?” என்று கேட்டார்.

“எல்லாத்துலயும் கலந்திருக்கு அத்தான். பித்தளைய வார்க்கும்போதே சேர்ப்பாங்க. லேத்துல கடையறதுக்கு வசதியா இருக்கும்னு.”

“கண்ணுக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“இத எடைக்குக் கூடப் போட முடியாது. எவனாவது வாங்கி எவன் வீட்டுலயாவது மாட்டுவான்.” துணியின் நான்கு முனைகளையும் தூக்கி மூட்டையாக்கினார். “நீ எடுத்துட்டுப் போ. உங்க ஆபீசுல இதுக்கு ஏதாவது வழி இருக்கும்.”

பெரியவள் அடுப்படியில் நின்றிருந்தாள். கடையில் வாங்கிய பெரிய தண்ணீர்க் கேன் ஒன்று மேடை மேல் இருந்தது.

“உன் ஏழு நல்ல மனுஷன்,” என்றாள். “நான் அழுதேன். ஃபோன வெக்காம கேட்டுட்டிருந்தாரு.”

“எல்லாருக்கும் நீயே சொல்லிடுவியா? வேணும்னா கடிதம் வந்தப்புறம்—”

“ஃபோன் வர்றதுக்குள்ள எல்லாரும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. காலைல யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு முதல்ல. ஒவ்வொருத்தருக்கா. வாசல்லயே.” கேனை ஒரு அங்குலம் நகர்த்தி வைத்தாள். “அவ ஒருத்திக்காகத்தாண்டி கதவ அவ்வளவு சீக்கிரம் தொறந்தேன். கொஞ்சம் லேட்டாத் தொறந்திருந்தா அவளும் மத்தவங்களோட தண்ணியக் குடிச்சிருப்பா.”

சின்னவள் கேனுக்குப் பக்கத்தில் கெட்டிலை எடுத்து வைத்தாள். அன்றும் அவள் அங்கேயே தங்கினாள்.

விடிவதற்கு முன் டிரைவரம்மா வழக்கம்போல் வந்தாள். குழந்தையை நீட்டினாள். பெரியவள் கை நீட்டவில்லை.

“உள்ள வா,” என்றாள்.

“நேரமாச்சுக்கா.”

“தெரியும். வா.”

நின்றுகொண்டே சொன்னாள். முதலில் எண்ணைச் சொன்னாள். பிறகு அது எங்கிருந்து வந்தது என்று சொன்னாள். பிறகு கெட்டிலைப் பற்றிச் சொன்னாள். மற்ற குழந்தைகளுக்கு ஏன் அவ்வளவு போகவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். சேவல் தன் பாலுக்காகக் கூவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு மேலேயே பேச வேண்டியிருந்தது.

டிரைவரம்மா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

“எப்பலேர்ந்து?”

“இங்க வந்த நாள்லேர்ந்து.”

“நீங்களும் அதத்தான் குடிச்சீங்களா?”

“நாங்க டீ போடறதுக்குள்ள இவ குடிச்சு முடிச்சிருப்பா.”

டிரைவரம்மா சுருட்டி வைத்த பாய்களைப் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தாள்.

“நீங்கதான் அந்தத் தண்ணி ஆபீசா?”

“ஆமா.”

“இவளுக்கு என்ன ஆகும்?”

“தெரியாதுங்க. ரத்தத்துல பாத்தாத்தான் எவ்வளவு போயிருக்குன்னு தெரியும். இன்னிக்கே பாக்கலாம்.”

டிரைவரம்மா பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். டிப்போவில் யாரிடமோ, முதல் வண்டிக்கு வேறு ஆளைப் போடச் சொன்னாள். அந்தப் பக்கம் கத்துவது அறைக்குள் கேட்டது. “கத்துங்க. நான் வரல,” என்று சொல்லி வைத்தாள்.

பெரியவள் பால் பாட்டிலை நீட்டினாள். “கேன் தண்ணி,” என்றாள்.

டிரைவரம்மா வாங்கவில்லை. சேவல் எட்டிப் பிடுங்கிக்கொண்டாள். கூவல் நின்றது. அறை சட்டென்று பெரிதானது போலிருந்தது.

“நீங்களும் வாங்க,” என்றாள் டிரைவரம்மா.

“எங்க?”

“ஆஸ்பத்திரிக்கு. எத்தன தடவ குடிச்சா, என்ன அளவுன்னு கேட்பாங்க. எனக்கென்ன தெரியும்? உங்களுக்குத்தான தெரியும்.”

அதில் கோபம் இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. பெரியவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று, “மத்தவங்க வருவாங்க,” என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

“நாங்க இருக்கோம். போ,” என்றார் அத்தான்.

இருவரும் தெருமுனை திரும்பும் வரை குழந்தையின் கால் மட்டும் அம்மாவின் இடுப்புக்கு அந்தப் பக்கம் ஆடுவது தெரிந்தது.

அத்தான் பாய்களை விரித்தார். சின்னவள் கேன் தண்ணீரைக் கெட்டிலில் ஊற்றிக் கொதிக்க வைத்தாள். அவள் இத்தனை வருஷம் அனுப்பியதெல்லாம் எண்கள். அவை உறையில் போயின. உறையைப் பிரிக்கும் முகத்தை அவள் பார்த்ததில்லை.

வெளிச்சம் வந்த பிறகு கதவு தட்டப்பட்டது. மூத்த பையனின் அப்பா. பையன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு நாயைப் பற்றி நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான்.

“அக்கா இல்லையா?”

“வெளிய போயிருக்கா. நான் தங்கச்சி.”

“சரி, இவன் டிபன்—”

“ஒரு நிமிஷம் உள்ள வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பையனின் கையை விடாமலே குனிந்து, ஒரு கையால் ஷூவைக் கழற்றத் தொடங்கினார்.